ஏழு மாப்பிள்ளைகளும் மாமாவின் அறையும்

அன்பும் மதிப்பும் மிகுந்த மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் எழுதுவது.

இங்கே அம்மா, அப்பா, நான், ஏழு கம்ப்யூட்டர்கள் ஆகப் பத்துப் பேரும் நலமாக இருக்கிறோம். மூன்றாவது கம்ப்யூட்டருக்கு மட்டும் போன வாரம் உடம்புக்கு முடியாமல் போய் இப்போது தேறிவிட்டது. அதுபோலவே நீங்களும், உங்கள் கப்பலும், கப்பலின் என்ஜினும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

"இன்னும் மூன்று வாரத்தில் லீவில் வருகிறேன், என் அறையைத் தூசி தட்டி வையுங்கள்" என்று நீங்கள் அம்மாவுக்கு அனுப்பிய மெயிலை எல்லாரும் படித்தோம். படித்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, ஆனால் வேறு காரணத்துக்காக. உங்கள் அறையைத் தூசி தட்டுவதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அதை முறையாக ஆரம்பத்திலிருந்து சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வேண்டுகோள் வைக்கலாம் என்று நினைக்கிறேன். கடிதம் நீளமாகிவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. இப்போது மதியம் ஒரு மணி. மாலை ஆறு மணிவரை நான் எந்தக் கம்ப்யூட்டரையும் நோண்டாமல் இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்தால் கை பரபரவென்கிறது. கைக்குக் கடிதம் எழுதுவதைவிடப் பாதுகாப்பான வேலை கிடையாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஓர் உறுதிமொழி. உங்கள் அறையில் உள்ள பொருள்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. கட்டில் மட்டும் நிமிர்ந்து சுவரில் சாய்ந்திருக்கிறது. உங்கள் மேசை, கட்டில் இருந்த இடத்தில் இருக்கிறது. உங்கள் நீல ரப்பர் செருப்பு பதினான்கு துண்டுகளாக இருக்கிறது. இவை நீங்கலாக எதையும் யாரும் தொடவில்லை.

இது எல்லாம் பள்ளி நூலகத்தில் ஒரு பழைய அறிவியல் இதழைப் படித்ததில் தொடங்கியது. அதன் பின்னட்டையைக் கரையான் அரித்திருந்தாலும் உள்ளே ஒரு நல்ல கட்டுரை இருந்தது. ஒரு பெரிய கணக்கை ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் நூறு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, உலகம் முழுக்க விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஆளுக்கொரு துண்டாக அனுப்பிவிடுவார்கள், அவரவர் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் அந்தத் துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பிவிடும், ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்து இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்கள், சம்பளம் கிடையாது, பெயர் மட்டும் பட்டியலில் வரும். இப்படி ஒரு வானிலை ஆராய்ச்சிக் குழு, வருங்கால மழையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. கடல் ஒரு துளி சூடானால் மழை எவ்வளவு, இரண்டு துளி சூடானால் எவ்வளவு என்று ஒரே வருடத்தை ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் பார்க்க வேண்டுமாம். இதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே இல்லை. அப்பாவிடம் சொன்னேன். உங்களுக்குத்தான் அப்பாவைத் தெரியுமே. பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடமாக வண்டி போகும் நேரம், வரும் நேரம் குறித்துக்கொண்டிருப்பவர்.

"வெளியில எட்டிப் பாத்தா தெரியுமே மழை பெய்யுதா இல்லையான்னு. இதுக்குப் பெட்டி எதுக்கு?" என்றார்.

"அப்பா, இது இந்த வருஷ மழை இல்ல. இன்னும் இருபது வருஷம் கழிச்சுப் பெய்யப்போற மழை."

"அப்போ இருபது வருஷம் கழிச்சுக் கணக்குப் போடலாமே. இப்ப என்ன அவசரம்?"

ஆகவே இதைச் செயலில் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

கடைவீதி மூலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவரை உங்களுக்கு நினைவிருக்கலாம், எந்தப் பொருளைக் கொண்டுபோனாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாரே, அவர்தான். அவர் கடையின் பின்கட்டில், ஆபீஸ்கள் தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் கூரைவரை கிடந்தன. கடையிலோ எந்த டப்பாவில் எந்த ஸ்குரூ என்று அவருக்கே தெரியாது. ஒரு ஸ்குரூவைத் தேடும் நேரத்தில் வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். நான் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து எல்லா டப்பாவையும் பிரித்து அடுக்கிப் பெயர் எழுதி ஒட்டினேன். கடைசி டப்பாவில் "இன்னதென்று தெரியாதவை" என்று எழுதி ஒட்டியதும் அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா, என் கடையிலயே இதுதான் பெரிய டப்பா. இதுக்குப் பேர் வச்ச மொத ஆளு நீதான்" என்றார். அதற்குப் பதிலாகத்தான் பின்கட்டில் கிடந்தவற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "காசெல்லாம் வேணாம், இடம் காலியானா போதும்." பன்னிரண்டு செத்த கம்ப்யூட்டர்களில் அதைப் பிடுங்கி இதில் சொருகி, இதைப் பிடுங்கி அதில் சொருகி, ஏழு உயிருள்ள கம்ப்யூட்டர்கள் தேறின. ஒரு மூட்டை மவுஸ் கிடந்தது, அதில் ஆளுக்கு ஒன்றாக ஏழு கொடுத்தார். ஸ்கிரீனும் கீபோர்டும் மட்டும் ஒன்று ஒன்றுதான் நல்லதாகக் கிடைத்தன. தேவைப்பட்ட கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவற்றையும் வாங்கி வந்தேன். கீபோர்டில் சில எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, ஆகவே இந்தக் கடிதத்தில் எங்காவது எழுத்து விட்டுப்போயிருந்தால் அது என் தமிழின் குறை அல்ல.

பெட்டிகள் நசுங்கியிருந்ததால் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் பச்சைப் பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். இவற்றை நிற்க வைக்க ஒரு தாங்கி வேண்டும், இடையில் காற்றும் போக வேண்டும். வீடு முழுக்கத் தேடியதில் இதற்கென்றே செய்ததுபோல ஒரு பொருள் சமையலறையில் இருந்தது, அதுதான் அம்மா தட்டு அடுக்கும் ஸ்டாண்டு. ஒரு தட்டு நிற்கும் இடத்தில் ஒரு பலகை கச்சிதமாக நிற்கிறது மாமா! ஆனால் அது இரும்புக் கம்பி, பலகை பட்டால் கரண்டு பாய்ந்துவிடும், நடுவில் ரப்பர் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் எச்சரித்தார். உங்கள் செருப்பின் வரலாறு இதுதான். நீங்கள் கப்பலில் பூட்ஸ்தான் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தட்டு ஸ்டாண்டு போனதில் அம்மாவுக்கு என்மேல் ஆறாத கோபம். அது ஆறுவதற்குள் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. ஏழு கம்ப்யூட்டர்களும் ஓடும்போது அம்மா இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் வீடு முழுக்க இருட்டு. ஆகவே துணி தேய்ப்பதற்குமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டேன்.

"என் வீட்டுல என் புடவையத் தேய்க்க நான் ஏழு பேருகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "தனி ரூம் குடுத்தாச்சு. தனியா ஃபேன் போட்டாச்சு. சத்தம் போடாதன்னு சொல்றா, தொந்தரவு பண்ணாதன்னு சொல்றா. செய்யற வேலை என்னன்னு கேட்டா யாருக்கும் தெரியல. இது கம்ப்யூட்டர் இல்ல, மாப்பிள்ளைங்க" என்றார். அன்றிலிருந்து அவை மாப்பிள்ளைகள் ஆகிவிட்டன. மூத்த மாப்பிள்ளை, இரண்டாவது மாப்பிள்ளை என்று எண்ணிக்கொண்டே போனால் ஓரத்தில் இருப்பது கடைசி மாப்பிள்ளை. இரவில் ஓடக் கூடாது, ஆள் பார்க்காமல் எரியும் எதுவும் வீட்டில் ஆகாது என்று அம்மா சட்டம் போட்டாள். ஆகவே காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது ஏழு பேரையும் எழுப்பிவிட்டு, படுக்கப்போகும்முன் நிறுத்திவிடுவேன். அந்த வானிலைக் குழுவில் பெயர் கொடுத்து, மழைக் கணக்கின் துண்டுகளை வாங்கி ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தேன். பகல் முழுக்க வேலை நடந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இனிமேல்தான் முக்கியமான இடம். நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா, ஆகவே சாப்பிடும்போது அம்மா அப்பா இருவருக்கும் விளக்கமாகச் சொன்னேன். "சில சமயம் கம்ப்யூட்டர் தானா தூங்கிடும். தூங்கினா வேலை நின்னுடும். அப்போ மவுஸை லேசா அசைச்சா முழிச்சுக்கும்." இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருந்து மழைக் கணக்கைப் போடும் நிரலின் முக்கியமான குணம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். யாராவது மவுஸைத் தொட்டாலோ கீபோர்டைத் தட்டினாலோ, "சரி, சொந்தக்காரர் வந்துவிட்டார், நாம் ஒதுங்கிக்கொள்வோம்" என்று மரியாதையாக நிறுத்திக்கொள்ளும். கை எடுத்து மூன்று நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கும். ஆள் இருக்கும்போதும் ஓடு என்று மாற்றிவைக்கவும் வழி உண்டு, ஆனால் இரண்டையும் ஒன்றாகத் தாங்க இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு உடம்பு இடம் கொடுக்காது, அப்படியே நின்றுவிடும் என்று கடைக்காரர் தடுத்துவிட்டார்.

முதல் வாரம் மாலையில் வந்து பார்த்தால் வேலை நகரவே இல்லை. காலையில் இரண்டு சதவீதம் என்றால் மாலையிலும் இரண்டு சதவீதம். நான் வந்த பிறகு, படுக்கப்போவதற்குள் மட்டும் கொஞ்சம் நகரும். நோட்டுப் புத்தகத்தில் வரைபடம் போட்டேன். தூசியாக இருக்கலாம் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஏழு பேரையும் துடைத்தேன். வயரை மாற்றினேன். பகல் வெப்பமாக இருக்கலாம் என்று அறையின் வெப்பத்தைக் குறித்துவைத்தேன். நூலகத்தில் இரண்டு தடிமனான புத்தகங்களைப் படித்து முடித்தேன். என்னைக் கண்டால்தான் மாப்பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்து, அது அறிவியலுக்குப் பொருந்தாதே என்று கவலைப்பட்டேன்.

ஒன்பதாம் நாள், மழை பலமாக இருந்ததால் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டார்கள். பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். சுவரில் அப்பாவின் கையெழுத்தில், டிப்போவில் போடுவதுபோலவே கட்டம் போட்ட ஒரு டியூட்டி அட்டவணை ஒட்டியிருந்தது. உங்கள் நாற்காலியில் மாடி வீட்டு டைப்ரைட்டிங் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, கீபோர்டில் பத்து விரலாலும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார். டைப்ரைட்டிங் பள்ளியை மூடிய பிறகு அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் மேசை ஃபேன் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஃபேனின் கழுத்தில் ஒரு துடைப்பக் குச்சிக் கட்டு கட்டியிருந்தது. குச்சியில் ஏழு மவுஸ் வால்களும் வரிசையாக முடிச்சுப் போட்டிருந்தன. ஃபேன் திரும்பத் திரும்ப, ஏழு மவுஸும் மேசைமேல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே அவற்றின்மேல் ஒரு கண் வைத்திருந்தாள்.

"என்னம்மா இது?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"வந்துட்டியா? பாத்தியா, ஒண்ணுகூட தூங்கல" என்றாள் அம்மா. "மொதல்ல கையாலதான் ஆட்டிக்கிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏழையும் ஆட்டணும்னு உங்கப்பா எழுதி ஒட்டிட்டாரு. ஏழாவதுக்குப் போறதுக்குள்ள மொதல் ஆளு தூங்கிடுவானோன்னு பயம். அடுப்புல வேற பால் பொங்குது. அப்புறம் யோசிச்சேன், இந்த ஃபேன் சும்மாதானே தலைய ஆட்டுதுன்னு."

"ஒன்பது நாளாவா?"

"நீ பள்ளிக்கூடம் கெளம்பினதுலருந்து நாலு மணி வரைக்கும். ஒரு நாளும் தவறல" என்றார் மாஸ்டர், விரலை நிறுத்தாமல். "பன்னெண்டுலருந்து ரெண்டு என் டியூட்டி. இன்னைக்கு அம்மாவுக்குக் காய் இருக்குன்னு முன்னாடியே வந்துட்டேன். நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு வார்த்தை கண்ணு. வயசானாலும் வேகம் கொறையல பாரு."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாளாக வருங்கால மழையைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு மேசை ஃபேன். அன்று அப்பா டிப்போவிலிருந்து வந்ததும் விளக்கம் கேட்டேன். அவர் அம்மாவைவிட உறுதியாக இருந்தார்.

"நிக்கிற வண்டியப் பாத்தா எனக்கு ஆகாதும்மா. ஸ்கிரீன் இருட்டா இருக்கு, ஒண்ணும் அசையல, யாரும் தொடல. அப்போ அது ஓடுதுன்னு நான் எப்படி எழுதறது?"

"அப்பா, யாரும் தொடாம இருந்தாத்தான் அது ஓடும்."

அப்பா அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, "நெஜமாவே மாப்பிள்ளைங்கதான்" என்றார்.

அன்றே ஆறு பேரின் மவுஸ்களைக் கழற்றிப் பையில் போட்டு உங்கள் பெட்டியில் பூட்டினேன். ஸ்கிரீனும் கீபோர்டும் மாட்டியிருந்த கடைசி மாப்பிள்ளையிடம் மட்டும் ஒரு மவுஸை விட்டுவைத்தேன். கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். "உள்ளே வந்து உதவி செய்யாதீர்கள். அம்மா, அப்பா, மாஸ்டர் ஆகியோர் எதையும் தொடக் கூடாது." மாஸ்டர் அதைப் படித்துவிட்டு மாடிப்படியில் ரொம்ப மெதுவாக ஏறிப்போனார். மனசு கேட்கவில்லை, ஆகவே மாலையில் அவர் வீட்டுக்குப் போய்ப் பத்து விரலால் அடிக்கக் கற்றுக்கொள்கிறேன். இப்போது எனக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு வார்த்தை வருகிறது. நிறுத்தாமல் அடிப்பதுதான் முக்கியம், வேகம் தானாக வரும் என்கிறார். இந்தக் கடிதத்தை அப்படித்தான் அடிக்கிறேன்.

இதற்கிடையில் துணி விவகாரம் வேறு. மழை விடவே இல்லை, வீட்டில் ஒரு துணியும் காயவில்லை. ஏழு கம்ப்யூட்டர்களும் ஓடுவதால் உங்கள் அறை மட்டும் நல்ல கதகதப்பு. அம்மா கதவு அறிவிப்பை முழுவதும் படித்துவிட்டு, "தொடக் கூடாதுன்னுதானே போட்டிருக்க? காயப்போடக் கூடாதுன்னு போடலையே" என்று சொல்லிக் குறுக்கே கயிறு கட்டிவிட்டாள். போன வாரம் அப்பாவின் துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் மூன்றாவது மாப்பிள்ளைமேல் விழுந்தது. டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கடைக்காரரிடம் நனைந்த கோழியைத் தூக்கிப்போவதுபோல அணைத்துத் தூக்கிப்போனேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "உயிர் இருக்கு" என்றார். ஒரு சின்ன உறுப்பை மாற்றி, இரண்டு நாள் விளக்கடியில் காயவைத்துக் கொடுத்தார். வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "ஈரத்துணி அனுமதி இல்லை" என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் அம்மா ஈரச் சாக்ஸை எடுத்து என் கையில் கொடுத்து, "போட்டுக்கோ, மழைய கணக்குப் போட வசதியா இருக்கும்" என்றாள். நான்கு நாளாக ஈரச் சாக்ஸோடுதான் பள்ளிக்குப் போகிறேன். அறிவியலுக்காக இதைத் தாங்கிக்கொள்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் மெயில் வந்தது. "அவன் ரூமை அவனுக்குக் காலி பண்ணு" என்று அம்மா சொன்னாள். கணக்கு பாதியில் நிற்கிறது, இன்னும் இருபத்தொரு துண்டுகள் இருக்கின்றன, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நான் அழுதேன். கொஞ்சம் சத்தமாகவே அழுதேன் என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை. கடைசியில் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முக்கியமான தீர்ப்புச் சொல்லும்போது அப்படித்தான் செய்வார்.

"நான் யாரு பக்கமும் இல்ல. எங்க டிப்போவுல ஒரே ரூல்தான். டயத்துக்குப் போய்ச் சேந்தா அது வண்டி. சேரலைன்னா இரும்பு. உனக்கு எத்தனை மணி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி."

"ஆறு மணிக்குள்ள இருபத்தொண்ணும் போய்ச் சேந்துச்சுன்னா மச்சான்கிட்ட நானே பேசறேன், அவங்க அந்த ரூம்லயே இருக்கட்டும்னு. ஒண்ணு கொறஞ்சாலும், திங்கக்கிழமை காலைல கடைக்காரரு வண்டி வாசல்ல நிக்கும். சரியா?"

"சரி" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமா இன்று. நேற்று இரவுக்குள் பத்தொன்பது துண்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. இருபதாவதை ஐந்தாம் மாப்பிள்ளை இன்று பதினொரு மணிக்கு அனுப்பினார். பாக்கி ஒன்றே ஒன்று, கடைசி மாப்பிள்ளையிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தொடங்கும்முன் பார்த்தபோது தொண்ணூற்றொரு சதவீதம் முடித்திருந்தார். மீதிக்கு மூன்று மணி நேரம் போதும். நான்கு மணிக்கெல்லாம் முடிந்துவிடும், அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் கையில் மிச்சம். அம்மாவும் அப்பாவும் மாஸ்டரும் ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக நானே அறைக்குள் காவல் இருக்கிறேன். சற்றுமுன் அப்பா கதவை லேசாகத் திறந்து, "ஓடுதா?" என்றார். "அப்பா, தயவுசெஞ்சு வெளியில போங்க. நீங்க வந்தாலே நின்னுடும்" என்று நிமிராமலே சொன்னேன். பாவம், போய்விட்டார். பெரியவர்களுக்கு எதையும் தொடாமல் இருக்கத் தெரியவில்லை. அது ஒரு பயிற்சி என்று நினைக்கிறேன், சிறு வயதிலேயே வர வேண்டும்.

இப்போது என் வேண்டுகோள். வெற்றி ஏறக்குறைய உறுதியாகிவிட்டதால், அப்பா உங்களிடம் பேசும்முன் நானே கேட்டுவிடுகிறேன். லீவில் வரும்போது நீங்கள் ஹாலில் படுத்துக்கொள்ள முடியுமா? கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றான படுக்கையில், திரும்பிப் படுக்க இடமில்லாமல் தூங்குகிறீர்கள். எங்கள் ஹால் அதைவிடப் பல மடங்கு பெரியது. அல்லது அறையில்தான் படுப்பேன் என்றால், கட்டிலை இறக்கிப்போட்டு மாப்பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. என்ஜின் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று போன லீவில் புரண்டு புரண்டு படுத்தீர்களே, பகலில் தூங்கிப் பாருங்கள், ஏழு பேரும் ஒரே சுருதியில் உறுமுவார்கள். கேட்டால் கப்பலில் இருப்பதுபோலவே இருக்கும். யோசித்துப் பார்த்து "சம்மதம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். செருப்புக்கு மாற்று வாங்கிவிடுகிறேன், அளவை மட்டும் சொல்லுங்கள். துண்டுகளை அளந்து கண்டுபிடிக்க முயன்றேன், சரிவரவில்லை.

அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். அப்பா உங்கள் கப்பல் சரியாக எத்தனை மணிக்குக் கரை சேரும் என்று கேட்டார். மாஸ்டர் தம் ஆசிகளைப் பத்து விரலாலும் தெரிவிக்கச் சொன்னார். கடல் அமைதியாகவும், என்ஜின் சொன்ன பேச்சைக் கேட்பதாகவும், உங்கள் பிரயாணம் சுகமாகவும் இருக்கட்டும்.

உங்கள் அன்புள்ள,
அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, இதை அம்மாவின் போனில் எழுதுகிறேன். மேலே உள்ள கடிதத்தை நாலரை மணிக்கு முடித்து, அனுப்புவதற்குமுன் கடைசி மாப்பிள்ளை முடித்துவிட்டாரா என்று பார்ப்பதற்காக, ஸ்கிரீனை மறைத்திருந்த கடிதத்தை ஓரமாக நகர்த்தினேன். பின்னால் தொண்ணூற்றொரு சதவீதம் என்று இருந்தது. வீட்டில் கீபோர்டு ஒன்றுதான் என்பதும், அது கடைசி மாப்பிள்ளையிடம்தான் மாட்டியிருக்கிறது என்பதும், மூன்றரை மணி நேரமாக அவர் என் முகத்தைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடிவந்தேன். ஆறு மணிக்கு அறைக்குள் போய்ப் பார்த்தோம். தொண்ணூற்றைந்து.

அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த பழைய அட்டவணையில் "வரவில்லை" என்று எழுதினார். "தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடறது?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. "டிரைவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவில் இருந்த அறிவிப்பில், எதையும் தொடக் கூடாதவர்கள் பட்டியலில், மாஸ்டருக்குக் கீழே என் பெயரையும் சேர்த்தார். பிறகு கடைக்காரருக்குப் பேசப் போனை எடுத்தார்.

"போனை வைங்க" என்றாள் அம்மா. "வண்டியாவது இரும்பாவது. மழை வேணும்னா இருபது வருஷம் கழிச்சுப் பெய்யட்டும், எனக்கு இன்னைக்குத் துணி காயணும். இந்த வீட்டுல கதகதன்னு இருக்கறது அந்த ஒரு ரூம்தான். அந்த ஏழும் அங்கயே இருக்கட்டும், காலைலருந்து ராத்திரி வரைக்கும் ஓடட்டும். இவ சாக்ஸப் பாத்தீங்களா, காளான் மொளைக்கப்போகுது."

"அப்போ மச்சான் வந்தா எங்க படுப்பான்?" என்றார் அப்பா.

"என் தம்பி எங்க படுப்பான்னு எனக்குத் தெரியும். நீங்க கயிறு கட்டுங்க."

ஆகவே மாமா, உங்கள் சம்மதம் இனித் தேவையில்லை. மேலே நான் எடுத்துச் சொன்ன காரணங்களையும் தயவுசெய்து மறந்துவிடுங்கள், அவற்றில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. கயிறு இந்தத் தடவை மேசைக்கு மேலே இல்லாமல் ஓரமாகக் கட்டியிருக்கிறது. என் வரியை அடித்துவிட்டு, "நன்றாகப் பிழிந்தது மட்டும்" என்று அம்மா தன் கையால் எழுதியிருக்கிறாள்.

விட்டுப்போன அந்த ஒரு துண்டை என் பெயரிலிருந்து எடுத்து, உலகத்தில் எங்கேயோ இருக்கும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குக் கடிதம் எழுத மாமா யாரும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.